மனநலத்தில் ஓர் அரியர்

"போறதுக்கு எதுக்கும்மா வாரேன்னு சொல்லணும்?"

மகிழினி இதைக் கேட்டபோது அவளுக்கு நான்கு வயது. அங்கன்வாடிக்குக் கிளம்பும் நேரம். ஒரு செருப்பு காலில், இன்னொன்று கையில். கோவில்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பால் சங்கத்தில் வேலை பார்த்த அவள் அம்மா ராஜகனிக்கு எந்தக் கேள்விக்கும் நின்று பதில் சொல்ல நேரம் இருந்ததில்லை. நடந்துகொண்டே சொன்னாள்.

"போறேன்னு சொன்னா வீடு அத நெசம்னு நம்பிரும்ட்டி. பொறவு திரும்பி வந்தா, யாரு நீன்னு கேக்கும்."

வீடு கேள்வி கேட்கும் என்பதைக் குழந்தை நம்பியது. அதன்பிறகு பதினான்கு வருடம், பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் பல் பிடுங்கவும், எங்கே போனாலும் "வாரேன்" என்று சொல்லிவிட்டே போனாள். அந்த ஒரு சொல்லுக்காகக் கல்லூரியில் தினமும் இரண்டு மதிப்பெண் போகப் போகிறது என்று யாருக்குத் தெரியும்?

ராசிபுரம் தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது அந்தப் பொறியியல் கல்லூரி. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அதையும் ஒரு பேனரில் போட்டுவிடுவார்கள்.

சில வருடங்களுக்கு முன், முதலாண்டில் சேரும் பிள்ளைகள் மனம் ஒடிந்துபோவதைப் பார்த்து வருந்திய சில நல்லவர்கள், "கல்லூரிகள் பிள்ளைகளின் மனநலத்தையும் கவனிக்க வேண்டும்" என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்கள். நல்ல எண்ணத்தோடுதான் அனுப்பினார்கள். ஆனால் நம் ஊரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும் என்றால் முதலில் அதற்கு மதிப்பெண் போட வேண்டும். ஆகவே மனநலம் ஒரு பாடமானது. தாள் எண் 107. நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. இரண்டாம் பருவத்தில் மனநலம்-2, செய்முறையோடு.

பாடம் வந்ததும் மற்றவையெல்லாம் தானாக வந்தன. "மனநலம்: இரண்டு மதிப்பெண் வினா விடை" என்று கைடு வந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே, "முப்பது நாளில் நிம்மதி, இல்லையேல் மறுபயிற்சி இலவசம்" என்று டியூஷன் சென்டர் வந்தது. விடுதி அறிவிப்புப் பலகையில், "அழ விரும்பும் மாணவியர் பெற்றோர் கையொப்பத்துடன் மூன்று நாள் முன்னதாக விண்ணப்பிக்கவும்" என்று தாள் ஒட்டப்பட்டது. முன்பு மனநல ஆலோசகர் ஒருவர் உட்கார்ந்திருந்த அறையில் மதிப்பெண் பட்டியல் அச்சிடும் இயந்திரம் வந்து உட்கார்ந்தது. ஆலோசகரின் நாற்காலி இடைஞ்சலாக இருந்ததால் அதைக் கேன்டீனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மதிப்பெண் போடுவது ஒரு வில்லை. பெரிய பித்தான் அளவுதான். துப்பட்டாவிலோ சட்டையிலோ குத்திக்கொள்ள வேண்டும். நாடித்துடிப்பைப் பார்க்கும், பேச்சைக் கேட்கும், ஆள் எங்கே நிற்கிறார் என்பதையும் அறியும். மாலை ஐந்து மணிக்கு அன்றைய மதிப்பெண்ணைச் சொல்லும். அதே நொடியில் பெற்றோரின் கைபேசிக்கும் அது போய்விடும்.

முதல் நாள் கூட்டத்தில், மனநலத் தேர்வுப் பொறுப்பாளர் முனைவர் பரஞ்சோதி மேடையேறி விளக்கினார். கெட்டவர் அல்ல. கோப்பு சரியாக இருந்தால் உலகமும் சரியாக இருக்கும் என்று நம்புகிறவர்.

"யாரும் பயப்படாதீங்க. இது உங்க நண்பன். ஐம்பதுக்குக் கீழ போனா அரியர். அரியர் வச்சா ஹாஸ்டல் ரூம் கிடையாது. அடுத்த வருஷம் ஜூனியர்ஸோட உக்காந்து மறுபடியும் முதல்லேர்ந்து சந்தோஷமா இருக்கணும். அவ்வளவுதான்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "சார், மனசு சரியில்லன்னா யார்கிட்ட சார் சொல்றது?"

"எதுக்கும்மா சொல்லணும்? மார்க்ல தெரிஞ்சிருமே!"

அரங்கம் கைதட்டியது. எல்லா வில்லைகளும் கைதட்டலுக்கு அரை மதிப்பெண் கொடுத்தன.

மகிழினிக்கு அந்த வில்லையோடு ஒத்துப்போகவே இல்லை. அவள் ஊர்ப் பேச்சு அதற்குப் புரியவில்லை. மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு, "ஏ, சீக்கிரம் நகருங்கட்டி, பசில செத்தே போயிட்டேன்" என்றாள். ஐந்தாவது நிமிடம் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. இரண்டு காவலாளிகள் அவளைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துப் பட்டையால் கட்டினார்கள். "எண்ணே, எனக்குப் பசிதான்ணே! வேற ஒண்ணுமில்லண்ணே!" என்று அவள் கத்தக் கத்த, நாடித்துடிப்பு ஏறியதென்று வில்லை இன்னும் ஏழு மதிப்பெண்ணைக் கழித்தது. திரும்பி வந்தபோது சாப்பாடு தீர்ந்திருந்தது.

அடுத்த வம்பு அந்த "வாரேன்". அறையை விட்டு வெளியே போகும்போது "வாரேன்" என்றால் வில்லை "டொய்ங்" என்று ஒரு சத்தம் போடும். அறிக்கையில் "சொல்–செயல் முரண்: கழிவு 2" என்று வரும். வாய் வருவதாகச் சொல்கிறது, கால் போகிறது. அந்தக் கருவியைப் பொறுத்தவரை இது மனக்குழப்பத்தின் அறிகுறி.

மகிழினி பரஞ்சோதியிடம் போய் முறையிட்டாள்.

"சார், அது ஒரு பேச்சுக்குச் சொல்றது சார். எங்கூர்ல, உங்கூர்ல, எல்லா ஊர்லயும் அப்படித்தான சொல்லுவோம்?"

"தெரியும்மா. நானும் வீட்ல அப்படித்தான் சொல்லிட்டு வர்றேன். ஆனா சாஃப்ட்வேர் வெளியூர்ல செஞ்சது. அதை மாத்தணும்னா டெண்டர் விடணும். நீங்க மாறிக்கிறது ஈசி."

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது: "மாணவ மாணவியர் வெளியேறும்போது 'போகிறேன்' என்று தெளிவாகச் சொல்லவும்." அதன்பிறகு விடுதி முழுக்க "போறேன்", "நானும் போறேன்", "எல்லாரும் போறோம்" என்ற குரல்கள். வெளியாள் யாராவது கேட்டிருந்தால் பதறிப் போயிருப்பார்கள்.

பதறவும் செய்தார்கள். மகிழினி ஒருநாள் பழக்கதோஷத்தில் வீட்டுக்குப் பேசிவிட்டு, "சரிம்மா, போறேன்" என்று வைத்துவிட்டாள். மறுநாள் காலை ராஜகனி கல்லூரி வாசலில் நின்றாள். பால் சங்கத்துக்கு லீவு சொல்லாமல், மூன்று பேருந்து மாறி வந்திருந்தாள்.

"என்னட்டி சொன்ன போன்ல? மனுசரு சொல்ற சொல்லா அது?"

"யம்மா, அது மார்க்குக்கும்மா."

"மார்க்குக்கா?" ராஜகனி அந்த வில்லையைக் குனிந்து பார்த்தாள். "இந்தப் பித்தானுக்காகவா என் உசுரு போச்சு?" என்று அதைப் பார்த்தே கேட்டாள். டொய்ங்.

பருவத் தேர்வு முடிந்தபோது மகிழினியின் சராசரி நாற்பத்தொன்று. பரஞ்சோதி பட்டியலைப் பார்த்து, "பேரு மகிழினி, மார்க்கு நாற்பத்தொண்ணு. பேரையாவது காப்பாத்தக் கூடாதாம்மா?" என்றார். துணைத் தேர்வு ஒன்று இருந்தது: புதன்கிழமை மூன்று மணி, அமைதி அறை, வில்லையோடு அரைமணி நேர நேர்முகம். அதிலும் தவறினால் விடுதி போகும். கோவில்பட்டியிலிருந்து தினம் வந்துபோக முடியாது. ஆகவே படிப்பும் போகும். ஊரில் அவள் வயதில் கல்லூரிக்கு வந்தவள் அவள் ஒருத்திதான்.

அவளுக்குப் பயிற்சி கொடுத்தவள் அறைத்தோழி நிறைமதி. தர்மபுரிப் பெண். சராசரி தொண்ணூற்றெட்டு. கல்லூரி வாசலில் அவள் படம் இருபதடி உயரத்தில், "மகிழ்ச்சியில் முதலிடம்!" என்று நின்றது. அவள் அப்பா அந்தப் பேனரை மூன்று கோணத்தில் படம் எடுத்து, உறவினர் குழுக்கள் எல்லாவற்றிலும் போட்டிருந்தார். மற்ற அப்பாக்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்து, "அந்தப் பொண்ணால சந்தோஷமா இருக்க முடியுது, உனக்கு என்ன கேடு?" என்று கேட்டார்கள்.

"புள்ள, இது ரொம்ப ஈசி," என்பாள் நிறைமதி. "யார் என்ன கேட்டாலும் 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லு. ரெண்டு மார்க். தலைவலியா? ஒண்ணுமில்ல. ஏன் சாப்பிடல? ஒண்ணுமில்ல. அதுக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடிக்கும்."

"எங்கம்மாகிட்ட ஒண்ணுமில்லன்னு சொன்னா, என்னமோ இருக்குன்னு அப்பத்தான் தோண்ட ஆரம்பிக்கும்."

"உங்கம்மா மார்க் போடறதில்லல்ல?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்புக்கு ஒன்று.

நிறைமதிக்கு ஒரு மதிப்பெண் குறைந்தாலும் தாங்காது. ஒருமுறை தூக்கத்தில் அரை மதிப்பெண் போனதற்காகக் காலையில் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு, "சாரி, இனிமே நல்லாத் தூங்கறேன்" என்று வில்லையிடம் மன்னிப்புக் கேட்டாள். மகிழினி அதை வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டாள். தொண்ணூற்றெட்டு வாங்குகிறவளை யார் போய், "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்பார்கள்? பதில்தான் வாசலில் இருபதடி உயரத்தில் இருக்கிறதே.

அந்தப் புதன்கிழமை மதியம் இரண்டரை மணி. மகிழினி துப்பட்டாவுக்கு இஸ்திரி போட்டபடி மாதிரி விடைகளை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "கேள்வி: வீட்டு நினைவு வருகிறதா? விடை: வருகிறது, ஆனால் நெறிப்படுத்தப்பட்ட அளவில்."

நிறைமதி கட்டிலிலிருந்து எழுந்தாள். தன் நோட்டுகளை அடுக்கி மகிழினியின் மேசையில் வைத்தாள். "இதெல்லாம் நீயே வச்சுக்க" என்றாள். வாசலில் நின்று செருப்பை மாட்டினாள்.

"வர்றேன் புள்ள."

டொய்ங்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. போய்விட்டாள்.

மகிழினிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பாடம் நடத்துகிறவளே தப்புச் செய்கிறாளே! துப்பட்டாவை மடித்தாள். மடிக்கும்போதுதான் கை நின்றது. அரை மதிப்பெண்ணுக்கு மன்னிப்புக் கேட்கிறவள். இந்த மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட வாய்தவறி "வர்றேன்" என்று சொல்லாதவள். இரண்டு மதிப்பெண் போகும் சத்தம் காதில் விழுந்தும் திரும்பாமல் போகிறாள் என்றால், இனி மதிப்பெண் எதற்கு என்று முடிவு செய்துவிட்டாளா? எல்லோரும் "போறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருகிற இடத்தில், இவள் ஒருத்தி எதற்காக "வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்?

இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். மணி இரண்டு நாற்பது. அமைதி அறை இடப்பக்கம், கல்லூரி வாசல் வலப்பக்கம். மனிதருக்கு நல்ல புத்தியைக் கடவுள் எப்போதும் நிதானமாக யோசிக்க விட்டுத் தருவதில்லை. சில நேரம் காலில் வைத்துத் தருகிறார். மகிழினியின் கால்கள் வலப்பக்கம் ஓடின.

"எங்கம்மா, எக்ஸாமுக்கு அந்தப் பக்கம்ல?" என்று கத்தினார் காவலாளி. அவள் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

நிறைமதி பேருந்து நிறுத்தத்தில் இல்லை. அதைத் தாண்டி, நிழலே இல்லாத இடத்தில், சாலையின் வெள்ளைக் கோட்டின் மேல் நின்றாள். ஒவ்வொரு லாரி போகும்போதும் அவள் தலைமுடி எழுந்து அடங்கியது. கையில் பை இல்லை.

மகிழினி சத்தம் போடாமல் அருகில் போய் அவள் கையைப் பிடித்தாள். அந்த வெயிலிலும் கை சில்லென்று இருந்தது. மெல்லக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்தாள்.

"எந்த பஸ்ஸுக்கு நிக்க?"

"எதுக்கும் நிக்கல."

"நீ இங்க எதுக்கு வந்த?" என்று நிறைமதியே பிறகு கேட்டாள். "மூணு மணிக்கு உனக்கு எக்ஸாம்."

"ஆமா."

"போ. ஃபெயிலாயிடுவ."

"ஆமா."

ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. பெண்களுக்குக் கட்டணமில்லாத வண்டி. எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் மகிழினி அவளை ஏற்றித் தானும் ஏறினாள். கடைசி இருக்கை. ஜன்னல் ஓரத்தைத் தான் எடுத்துக்கொள்ளாமல் அவளுக்குக் கொடுத்தாள். கண்டக்டர் வந்தார், ஐம்பது வயது இருக்கும், காதோரம் பென்சில்.

"எங்கீங்கம்மா எறங்கோணும்?"

"எங்கயும் இல்லண்ணே."

அவர் இரண்டு முகங்களையும் பார்த்தார். இரண்டு இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். "கடைசி ஸ்டாப்புன்னு போட்டிருக்கேன். அதுக்கு மேல ரோடு இல்லீங்க" என்றார். இரண்டு எட்டு வைத்துத் திரும்பி நின்று பார்த்தார். நிறைமதி வாயைத் திறப்பதும், துப்பட்டாவில் இருந்த வில்லையைப் பார்த்ததும் மூடிக்கொள்வதுமாக இருந்தாள். கண்டக்டர் முன்னால் போய் டிரைவரிடம் ஏதோ சொன்னார். வண்டியில் பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கிற அளவுக்கு ஏறியது. ஒரு பெரியவர், "ஏப்பா, கம்மி பண்ணப்பா!" என்றார். "இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்க" என்றார் கண்டக்டர்.

அந்தச் சத்தத்துக்குள் நிறைமதி பேசினாள். மகிழினி காதை அவள் வாயருகே வைத்துக் கேட்டாள்.

வந்த முதல் வாரத்திலிருந்தே தூக்கம் இல்லை. அசையாமல் கண்மூடிக் கிடந்தால் வில்லை அதைத் தூக்கம் என்று எடுத்துக்கொண்டது. வகுப்பில் ஒன்றும் தலையில் ஏறவில்லை. வீட்டுக்குப் போகவேண்டும் போல இருந்தது. அதைச் சொல்லலாம் என்று நினைத்த அன்றைக்குத்தான் பேனர் வைத்தார்கள். "அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? எங்கப்பா ஊரு பூரா அனுப்பிட்டாரு. ஒவ்வொரு தடவையும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி உள்ள நெஜமாவே ஒண்ணுமில்லாமப் போயிருச்சு புள்ள. குடத்தைத் தட்டற மாதிரி சத்தம் மட்டும் வருது."

கடைசி நிறுத்தம் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். டிரைவர் இயந்திரத்தை நிறுத்தினார், பாட்டும் நின்றது. திடீரென்று வந்த அமைதியில் நிறைமதி வில்லையை மறந்து, வாய்விட்டு அழுதாள். விண்ணப்பம் இல்லாமல், பெற்றோர் கையொப்பம் இல்லாமல் அழுதாள். இரண்டு வில்லைகளும் டொய்ங் டொய்ங் என்று கதறின. மகிழினிக்கு மாதிரி விடை எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"எனக்கு என்ன சொல்லன்னு தெரியலட்டி," என்றாள். "ஆனா நீ எறங்குற வரைக்கும் நான் எறங்க மாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். கண்டக்டர் மூன்று டீயும் ஒரு பொட்டலம் முறுக்கும் கொண்டுவந்து, ஒரு டீயைத் தான் எடுத்துக்கொண்டு முன்னால் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அந்த வண்டி அன்று மாலை வரை மூன்று முறை போய் வந்தது. மூன்று முறையும் அவர்களுக்குச் சீட்டுக் கிழித்தார். எங்கே என்று மறுபடி கேட்கவில்லை. இடையில், நிறைமதியின் கைபேசியை வாங்கி மகிழினி அவள் அம்மாவை அழைத்தாள். "மார்க்கப் பாக்காதீங்கம்மா. வந்து ஆளப் பாருங்க" என்றாள்.

வெளிச்சம் இருக்கும்போதே அந்த அம்மா கல்லூரி வாசலுக்கு வந்து சேர்ந்தாள். அப்பாவும் வந்தார். "தொண்ணூத்தெட்டு வாங்கற பொண்ணுக்கு என்னங்க வந்துச்சு?" என்று பேனரையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா பேனரைப் பார்க்கவே இல்லை. மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இளைச்சுப் போயிட்டயேடா" என்றாள். தர்மபுரியில் மனநல மருத்துவர் ஒருவரிடம் காட்டினார்கள். அந்த மருத்துவரிடம் வில்லை இல்லை. எதிரே ஒரு நாற்காலியும், அரைமணி நேரமும் இருந்தன.

அடுத்த வாரம் கல்லூரி பேனரைக் கழற்றிவிட்டு, தொண்ணூற்றாறு வாங்கிய வேறொரு பெண்ணின் படத்தைக் கட்டியது.

துணைத் தேர்வு முடிவுகள் வந்த அன்று மகிழினி பெட்டியைக் கட்டிவைத்துவிட்டே அலுவலகத்துக்குப் போனாள். நேர்முகம்: வரவில்லை, பூஜ்யம். அது தெரிந்ததுதான். பரஞ்சோதி தாளை அவள் பக்கம் திருப்பினார். அவர் முகத்தில் கோப்பு சரியாக இல்லாதபோது வரும் வேதனை இருந்தது.

"நீ எப்படிம்மா பாஸான?"

மொத்தம்: 50. அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி. "மறுகேட்பு – கேட்பாளர் 14. தேர்ச்சி அளிக்கலாம். மாணவி அந்த நேரத்தில் வேறொரு தேர்வில் இருந்தார்."

"அன்னைக்கு வேற எக்ஸாமே கிடையாது," என்றார் பரஞ்சோதி. "நான் டைம்டேபிள் பார்த்துட்டேன்."

"கேட்பாளர்னா யாரு சார்?"

அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எல்லாத்தையும் மெஷினே முடிவு பண்ணாதும்மா. அதுக்குக் குழப்பமா இருக்கறத ஆளுங்களுக்கு அனுப்பும். எங்கயோ ஒரு ஊர்ல, ஒரு ஹால்ல, ஹெட்போன் மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ஒரு ஸ்டூடன்டுக்கு வருஷம் முழுக்க ஒரே ஆளுதான்."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"நம்பர்தான் தெரியும்."

"நாள் பூரா கேப்பாங்களா?"

"நாள் பூரா. நாற்பது செகண்ட் துண்டு. அழறது, கத்தறது, தனியாப் பேசறது. அதுதானே மெஷினுக்குப் புரியாது? நாற்பது செகண்ட் கேட்டுட்டு ஒரு நம்பர் போடணும், அடுத்த துண்டு. முன்னாடி என்ன, அப்புறம் என்ன ஆச்சு, அதெல்லாம் அவங்களுக்குத் தர மாட்டோம். ப்ரைவசி." தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "அவங்களுக்கு மனநலத் தாள் கிடையாது. அவங்க ஸ்டூடன்ட் இல்லையே."

மகிழினி அறைக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்தாள். துணிகளை அலமாரியில் வைக்கும்போதெல்லாம் அந்த நாற்பது விநாடி மனத்தில் ஓடியது. யாரோ ஒருவர், ஒரு பெண் விம்மி அழுவதைக் கேட்டிருக்கிறார். இன்னொருத்தி, எறங்க மாட்டேன் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறார். விதியை மீறி ஓர் எண்ணை மாற்றியிருக்கிறார். அதற்குள் அடுத்த துண்டு வந்திருக்கும். அந்த அழுத பெண் என்ன ஆனாள் என்று தெரியாமலே அவர் வீட்டுக்குப் போயிருப்பார். அது போல எத்தனை பெண்கள், எத்தனை பையன்கள்!

இரண்டு மாதம் கழித்து நிறைமதி திரும்பி வந்தாள். பழைய நிறைமதி முழுசாக வந்துவிடவில்லை. ஆனால் வந்தவள் உண்மையானவள். மாத்திரை சாப்பிட்டாள், மாதமொரு முறை மருத்துவரைப் பார்த்தாள், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொன்னாள். அவள் மதிப்பெண் ஐம்பத்திரண்டு. "பாஸ்தான புள்ள," என்று சிரித்தாள்.

அவள் வந்த மறுநாள் பகல் இடைவேளையில் மகிழினி யாரிடமும் சொல்லாமல் மூன்றாம் மாடிக்கு ஏறினாள். வரைபட வகுப்பறை காலியாக இருந்தது. மேசைகள் சாய்ந்து நின்றன, ஜன்னலில் வெயில். கதவைச் சாத்தினாள். தனியாகப் பேசினால் வில்லை குழம்பும், ஒவ்வொரு முறையும் மூன்று மதிப்பெண் கழிக்கும், குழம்பியதைக் கேட்பாளருக்கு அனுப்பியும் வைக்கும். அவளுக்கு இப்போது ஐம்பத்தாறு. இரண்டு துண்டு தாங்கும்.

துப்பட்டா நுனியைக் கையில் எடுத்து, முகத்துக்கு நேரே பிடித்தாள். அண்ணன் என்பதா, அக்கா என்பதா என்று கொஞ்சம் தடுமாறினாள்.

"ஏங்க, வணக்கம். பஸ்ஸுல அழுதாள்ல, அவ பேரு நிறைமதி. அன்னைக்கே அவங்கம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. டாக்டர் பாக்காங்க. நேத்துத் திரும்பி வந்துட்டா. காலைல மூணு தோச சாப்ட்டா. சட்னி நல்லால்லன்னு சண்ட போட்டா. பொறவு..."

டொய்ங். நாற்பது விநாடி முடிந்தது. அடுத்த துண்டு தொடங்கக் காத்திருந்தாள்.

"அவளுக்கு ஒண்ணும் ஆகலங்க. அதச் சொல்லத்தான் வந்தேன். நீங்க சாப்டீங்களா?"

பதில் வரும் வழி அந்த வில்லையில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் எதிரே இருக்கிறவர் பேசுவதற்கு நாம் விடுவோம் அல்லவா, அதுபோல அவள் துப்பட்டாவைக் கீழே விடாமல், மீதி விநாடிகள் முழுவதும் பேசாமல் நின்றாள்.